பெட்டிசன் சார்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. வாக்காளர் பட்டியலில் தேடினால் கிடைக்கும். அந்தப் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறது என்று அவர் கொடுத்த மனு தாலுகா அலுவலகத்தில் தேடினால் கிடைக்கும். ஊருக்கு அவர் பெட்டிசன் சார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஊராட்சிக்குக் கணக்கு வாத்தியார்.

எங்கள் ஊருக்கு மட்டும் வாய்த்த வரம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். ஒரு திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாளன்று கலெக்டர் அலுவலகம் போனபோதுதான் தெரிந்தது, ஆண்டவன் ஊருக்கு ஒருவரைக் குறைவில்லாமல் படைத்திருக்கிறான். எல்லோர் தோளிலும் அதே ரெக்சின் பை. கல்யாண வீட்டில் சம்பந்திகள் குசலம் விசாரிப்பதைப் போல ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்க குடிநீர்த் தொட்டி எப்படி இருக்கு?"

"அப்பீல்ல இருக்கு. உங்க சுடுகாட்டுப் பாதை?"

"அளந்துட்டாங்க. அளந்ததோட சரி."

அந்த ரெக்சின் பையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெள்ளைத்தாள் ஒரு கட்டு, கோந்து, கார்பன் பேப்பர் (இன்னும் எங்கே கிடைக்கிறதோ!), ரேஷன் கார்டு முதல் ஆதார் வரை மும்மூன்று நகல், மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் மடங்காமல் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லைகள். கண்ணாடி சட்டைப்பையில் கிடந்து கீறல் விழும். வில்லைக்கு ஒன்றும் ஆகக்கூடாது. அவருடைய பொதுச்சேவையால் சந்தேகத்துக்கு இடமின்றிப் பயனடைந்தவர் என்றால் கடைத்தெரு ஜெராக்ஸ் கடைக்காரர்தான்.

பேசும்போது சாதாரணமாகத்தான் பேசுவார். பேனாவைத் திறந்தால் 'மேற்படி' இறங்கிவிடும். தெருவில் ஒரு நாய் யாரையோ கடித்தது. சார் எழுதினார்: 'மேற்படி தெருவில் மேற்படி நாய் மேற்படி நபரைக் கடித்தது தொடர்பாக ஆவன செய்யுமாறு...' வாசித்த அதிகாரிக்கு யார் யாரைக் கடித்தது என்பதில் ஐயம் வந்து விளக்கம் கேட்டதாகக் கேள்வி. தெருக்குழாய்க்கு ஒரு வாஷர் வேண்டும் என்ற மனுவுக்குக் கீழே 'நகல்' என்று போட்டு முதலமைச்சரின் தனிப்பிரிவு, தலைமைச் செயலாளர், துறைச் செயலாளர், மாவட்ட ஆட்சியர் என்று அடுக்கியிருப்பார். மனுவைவிட நகல் பட்டியல் நீளம்.

சென்னைக்குப் போன மனு அங்கேயே தங்காது. தனிப்பிரிவிலிருந்து கலெக்டர், கலெக்டரிடமிருந்து ஊராட்சிகளின் உதவி இயக்குநர், அவரிடமிருந்து பி.டி.ஓ., அவரிடமிருந்து ஊராட்சிச் செயலர். செயலர் வீடு, சார் வீட்டிலிருந்து நாலாவது வீடு. இத்தனை தூரம் போய்விட்டு வந்த மனுவுக்கு, எவர்மேல் புகாரோ அவரே பதிலும் எழுதுவார்: 'நிதி நிலைமைக்கேற்ப பரிசீலிக்கப்படும்.' நமக்கென்றால் ரத்தம் கொதிக்கும். சார் அந்தக் கடிதத்தின் மேல்மூலையில் இருக்கும் ந.க. எண்ணை இரண்டு முறை வாசித்துவிட்டு, முகம் மலர்ந்து, அடுத்த மனுவில் 'பார்வை 1' என்று அதை எழுதிக்கொள்வார். பார்வை ஏழு, எட்டு என்று ஏறியிருக்கும் மனுக்களும் அவரிடம் உண்டு. வாஷர் இன்னும் வரவில்லை.

2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்ததும் அவர் வாழ்க்கையே மாறிப்போனது. (தமிழ்நாட்டில் 1997-லேயே இப்படியொரு சட்டம் வந்துவிட்டது, நாட்டிலேயே நாம்தான் முதல் என்பதை யாரும் கேட்காமலே சொல்லுவார்.) பத்து ரூபாய் வில்லை, 30 நாளில் பதில். பதில் இல்லையென்றால் முதல் மேல்முறையீடு. அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அவர் பஞ்சாங்கம் பார்ப்பது இந்தக் கணக்கில்தான். மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்தபோது, "அன்னிக்கு எனக்கு இரண்டாம் மேல்முறையீட்டுக்குக் கடைசி நாளாச்சே" என்றாராம். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்ற பிரிவைப் படித்துவிட்டு, கொசுமருந்து அடித்த தேதியை 48 மணி நேரத்தில் கேட்டவர் அவர். கொசு கடிப்பது உயிருள்ளவரைத்தானே என்பது வாதம்.

அந்தச் சட்டத்தில் ஒரு சூட்சுமம். 'ஏன் செய்யவில்லை' என்று கேட்டால் அது தகவல் இல்லை, கேள்வி என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். கோப்பில் இருப்பதைத்தான் கேட்கலாம். ஆகவே சார் 'ஏன்' என்ற சொல்லையே மறந்துவிட்டார். காபியில் சர்க்கரை இல்லையென்றால், "இன்றைய தேதியில் சர்க்கரை இருப்பு விவரம் வேண்டும்" என்பார். சாரின் வீட்டம்மா அடுப்படியிலிருந்தே பதில் சொல்லுவார்: "பத்து ரூபா எடுத்து வைங்க, முப்பது நாள்ல சொல்றேன்."

2025-ல் அஞ்சல் துறை பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்தபோது சார் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. ஒப்புகை அட்டை கையெழுத்தாகித் திரும்பி வரும் சுகம் உனக்குப் புரியாது, தம்பி என்றார். பரணில் அந்த அட்டைகளை ஆண்டுவாரியாகக் கட்டி வைத்திருக்கிறார். எந்த அலுவலகத்தில் எந்தக் கிளார்க் எந்த ஆண்டு கையெழுத்தை மாற்றிக்கொண்டார் என்பது வரை அவருக்குத் தெரியும்.

கலெக்டர் அலுவலக வாசலில் போலீஸார் அவர் தண்ணீர் பாட்டிலையும் திறந்து முகர்ந்து பார்ப்பார்கள். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில், கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பம் இரண்டு குழந்தைகளோடு தீக்கிரையானது. திரும்பத் திரும்ப மனு கொடுத்தும் பலனில்லை என்றுதான் அப்போது செய்தி வந்தது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சார் வேடிக்கையாக எதுவும் சொல்லமாட்டார். பாட்டிலைத் தானே திறந்து நீட்டுவார். வரிசையில் அழுதுகொண்டு நிற்பவர் யாராவது இருந்தால், தன் முறையை விட்டுக்கொடுத்து, அவர் மனுவை வாங்கிப் படித்து, 'பெறுநர்' சரியாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவார்.

கிராம சபை அவருக்குத் திருவிழா. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று நான்காக இருந்ததை 2022-ல் மார்ச் 22, நவம்பர் 1 என்று இரண்டு கூட்டி ஆறாக்கினார்கள். தீபாவளிக்குக்கூட அவர் அத்தனை சந்தோஷப்பட்டதில்லை. எங்கள் ஊர் அளவுக்கு நூறு பேர் வந்தால் கோரம். நூறு நாள் வேலைக்காரப் பெண்களை மரத்தடியில் உட்காரவைத்து, கூட்டம் தொடங்கும் முன்பே கையெழுத்து நோட்டு ஒரு சுற்று சுற்றி வந்துவிடும். தீர்மானங்கள் முந்தின நாளே 'ஏகமனதாக' நிறைவேறியிருக்கும். அப்போது பின்வரிசையிலிருந்து, "வரவு செலவுக் கணக்கு, படிவம் 30 எங்கே?" என்று ஒரு குரல். தலைவர் நெற்றியைத் துடைப்பார். செயலர் பீரோ சாவியைத் தேடுவார். பெண்கள், "சாரு ஆரம்பிச்சுட்டாரு, இனிமே வெயில் ஏறிடும்" என்று முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்வார்கள்.

தேர்தல் நடக்காத காலம்தான் அவருக்குச் சோதனை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பரில்தான் ஊராட்சித் தேர்தல் வந்தது. நடுவில் தனி அலுவலர் ஆட்சி. தலைவரென்றால் கோபப்படுவார், கத்துவார், பதிலுக்குக் கத்தலாம். தனி அலுவலர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஜீப் ஏறிவிடுவார். சார் இளைத்தே போனார். 2019-ல் அவரே வார்டு உறுப்பினர் பதவிக்கு நின்றார். எல்லோரும் கும்பிட்டார்கள், காபி கொடுத்தார்கள், ஓட்டு மட்டும் போடவில்லை. பெட்டிக்கடைக்காரர் என்னிடம் காரணம் சொன்னார்: "அவரே உறுப்பினர் ஆயிட்டா, நமக்கு யாருங்க பெட்டிசன் எழுதுறது?"

மனு போடுகிறவர்கள் எல்லோரும் இந்த ரகமில்லை. தகவல் கேட்டு மிரட்டிவிட்டு, மனுவை வாபஸ் வாங்கக் காசு வாங்கும் கூட்டமும் உண்டு. அவர்கள் புல்லட்டில் வருவார்கள். சார் டவுன் பஸ்ஸில் போகிறார். சொந்தக் காரியத்துக்கு இதுவரை அவர் எழுதிய ஒரே மனு அந்த எழுத்துப் பிழை மனுதான். அதுவும் இன்னும் தீரவில்லை.

ஒன்றும் நடப்பதில்லை என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை வந்தது அவரால்தான். வந்த மறுநாள், 'வேகத்தடை தந்த வள்ளலே' என்று வேறொருவர் படத்தோடு ப்ளெக்ஸ் முளைத்தது. நன்றி அந்தப் படத்துக்குப் போய்விட்டது. ராத்திரி வண்டியில் வந்து துள்ளி விழுகிறவர்கள் திட்டுவது மட்டும் சார் பெயரைச் சொல்லித்தான். அவர் இரண்டையும் பொருட்படுத்தவில்லை. வேகத்தடையில் வெள்ளைக்கோடு போடவில்லை என்று ஒரு மனு, ப்ளெக்ஸுக்கு அனுமதி இருக்கிறதா என்று ஒரு மனு, இரண்டையும் ஒரே உறையில் அனுப்பி ஒரு தபால் செலவை மிச்சம்பிடித்தார்.

போன மாதம் ராத்திரி பத்து மணிக்கு நான் அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, கொல்லைப்பக்கமாக யாரோ வந்தார்கள். ஊராட்சிச் செயலர். துண்டால் தலையை மூடியிருந்தார். என்னைப் பார்த்துத் தயங்கிவிட்டு, மெதுவாக விஷயத்தைச் சொன்னார். அவருடைய சம்பள நிலுவைக் கோப்பு ஒன்றிய அலுவலகத்தில் கிடக்கிறது. எந்த மேசையில் என்று தெரியவில்லை. கேட்டால் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார்கள்.

"தகவல் உரிமைல ஒண்ணு போட்டா நகர்ந்துடும் சார். ஆனா என் பேரு வெளிய வரக்கூடாது. உங்க பேர்லயே போட்டுருங்க."

சார் மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். உள்ளே பார்த்தார். மூடினார்.

"என்கிட்ட இருக்கிறது எல்லாம் உங்க மேல போடுறதுக்கு எடுத்து வச்சது. நாளைக்கு வரும்போது பத்து ரூபா வில்லை ஒண்ணு வாங்கிட்டு வாங்க. ரசீதோட."