இல்லாத மனிதர் எழுதிய பொல்லாத புத்தகம்

1871-இல் பிரான்ஸின் தளபதி ஷார்ல் துனி பூர்பாகி, ஜெர்மானியரிடம் தோற்ற வேதனையில் துப்பாக்கியை எடுத்துத் தன் தலையிலேயே சுட்டுக்கொண்டார். குண்டு மண்டையை உரசிவிட்டுப் போய்விட்டது. குறி தவறியது அந்தப் போரின் போக்கோடு நன்றாகவே பொருந்தியது. அவருடைய படையில் மிஞ்சிய எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சுவிட்சர்லாந்து எல்லையைத் தாண்டி ஆயுதங்களைக் கீழே வைத்தார்கள். தளபதியோ மேலும் 26 ஆண்டுகள் வாழ்ந்து 1897-இல் காலமானார். கணிதத்துக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் மிகக் கறாரான கணித நூல்வரிசை, அட்டையில் அவருடைய குடும்பப் பெயரைத்தான் போட்டுக்கொண்டு வந்தது.

காரணம், ஒரு ராகிங். 1923-இல் பாரிஸின் எகோல் நார்மால் கல்லூரியில், முதலாண்டு மாணவர்களுக்கு வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் சிறப்புரை ஆற்றுவார் என்று அறிவித்தார்கள். ஒட்டுத்தாடியோடும் எந்த நாட்டுக்கும் சேராத உச்சரிப்போடும் வந்து நின்றவர் ரவுல் உய்சோன் என்ற மூத்த மாணவர். அவர் சொன்ன தேற்றங்கள் அத்தனையும் புளுகு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரெஞ்சுத் தளபதியின் பெயர். கடைசியாக வந்தது ‘பூர்பாகி தேற்றம்’. எல்லாம் தெளிவாகப் புரிந்தது என்று ஒரு மாணவர் சொன்னதாகக் கதை. அவர் இல்லாத வகுப்பு உலகத்தில் எங்குமே இல்லை.

அந்தக் கல்லூரியில் படித்த ஆந்த்ரே வெய், 1930-இல், 23 வயதில், அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியராக வந்து இறங்கினார். மூட்டை முடிச்சுகளோடு பூர்பாகியும் வந்திருந்தார். வெய் அங்கே வேலைக்கு எடுத்தவர்களில் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர் ஆங்கிலக் கணிதர் ஹார்டியிடம் படித்த தமிழர் தி. விஜயராகவன், பின்னாளில் சென்னை ராமானுஜன் கணித நிறுவனத்தின் முதல் இயக்குநர். மற்றவர் டி.டி. கோசாம்பி, பின்னாளில் இந்திய வரலாற்றாய்வையே புரட்டிப்போட்டவர். கோசாம்பிக்குத் துறையில் ஒரு சகாவோடு உரசல். அவரை மட்டம் தட்ட வெய் ஒரு யோசனை சொன்னார்: யாருமே கேள்விப்பட்டிராத ஒருவரை மேற்கோள் காட்டிக் கட்டுரை எழுது. 1931-இல், ஐக்கிய மாகாண அறிவியல் கழகத்தின் ஏட்டில், ‘பூர்பாகியின் இரண்டாம் தேற்றத்தை’ விரிவாக்கி கோசாம்பியின் கட்டுரை வந்தது. அதில் பூர்பாகி, ரஷ்யப் புரட்சியில் விஷம் வைத்துக் கொல்லப்பட்டவர். ஆக, பூர்பாகி என்ற கணித மேதை முதலில் அச்சேறியது பாரிஸில் அல்ல, கங்கைச் சமவெளியில். அதுவும் ஏற்கெனவே செத்தவராக.

வெய்யின் அலிகர் வாழ்வு இரண்டே ஆண்டுதான். அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து வேலையைப் பறித்து, அந்தப் பதவியை விஜயராகவனிடம் நீட்டினார்கள். நண்பனின் நாற்காலி வேண்டாம் என்று அவர் டாக்காவுக்குப் போய்விட்டார்.

வெய் பிரான்ஸுக்குத் திரும்பி ஸ்ட்ராஸ்பூர்கில் பாடம் நடத்தினார். கூட இருந்தவர் ஆன்றி கார்ட்டான். முதல் உலகப்போரில் இளம் கணித ஆசிரியர்கள் பலர் மாண்டுபோக, வகுப்பறைகளை ஆண்டது கூர்சாவின் பழைய பகுப்பாய்வு நூல். கார்ட்டானுக்கு அதில் திருப்தியில்லை. தொகைநுண்கணிதத்தின் ஸ்டோக்ஸ் தேற்றத்தை எப்படி நடத்துவது, எவ்வளவு பொதுவாகச் சொல்வது என்று வெய்யை நச்சரித்துக்கொண்டே இருந்தார். பொறுத்துப் பார்த்த வெய், ‘நண்பர்கள் ஐந்தாறு பேர் கூடி இதை ஒரேயடியாக எழுதித் தொலைத்துவிடலாம்’ என்றார்.

1934 டிசம்பர் 10. பாரிஸின் கபூலாத் உணவகத்தில் ஆறு பேர் கூடினார்கள்: வெய், கார்ட்டான், ஷெவாலே, தெல்சார்த், தியுதொன்னே, த பொசெல். ஏறத்தாழ ஆயிரம் பக்கம், மாணவர்களுக்கான பாடநூல், சீக்கிரம் முடித்துவிடலாம் என்று திட்டம். ஆசிரியர் பெயர் பூர்பாகி என்று பின்னால் முடிவாயிற்று. நிக்கோலா என்று முன்பெயர் சூட்டியவர் த பொசெலின் மனைவி எவ்லின். பிறகு அவர் த பொசெலை விட்டு 1937-இல் வெய்யை மணந்தார். எதற்கும் நிரூபணம் கேட்கிற குழு, இதை மட்டும் அப்படியே விட்டுவிட்டது.

பெயர் வைத்தாயிற்று, ஆளுக்கு ஜாதகம் வேண்டுமே. பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் ஏட்டுக்கு ஒரு குறிப்பு அனுப்பும்போது, போல்தேவியா நாட்டுக்காரர், கஃபேயில் சீட்டாடிப் பிழைக்கிறவர் என்று வெய் ஒரு வரலாறு தயாரித்தார். போல்தேவியா என்றொரு நாடு கிடையாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பத்திரிகைக்காரர் நாடாளுமன்ற உறுப்பினர்களை ஏமாற்றக் கிளப்பிய கற்பனை அது. கழகத்தில் இதைச் சமர்ப்பித்தவர் எலி கார்ட்டான், அதாவது ஆன்றியின் அப்பா. குறிப்பு 1935-இல் அச்சாயிற்று.

புத்தகம்தான் வரக் காணோம். வெள்ளையடிக்கப் போனவர்கள் வீட்டின் அஸ்திவாரத்தைத் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். தொகைநுண்கணிதத்துக்கு முன் சார்பு, சார்புக்கு முன் கணம், கணத்துக்கு முன் தர்க்கம். ‘ஒன்று’ என்ற எண்ணைத் தங்கள் குறியீட்டில் சுருக்காமல் எழுதினால் சில பத்தாயிரம் குறிகள் ஆகும் என்று பெருமையாக அடிக்குறிப்பு போட்டார்கள். பின்னாளில் ஏட்ரியன் மத்தாயஸ் என்ற தர்க்கவியலாளர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். விடை 4,523,659,424,929. நாலரை லட்சம் கோடி! ஒன்றுக்கே இவ்வளவு என்றால், இரண்டைப் பற்றிக் கேட்காமலிருப்பது உடம்புக்கு நல்லது.

கூட்டம் என்பது கூச்சல். ஒருவர் எழுதிவந்த வரைவை உரக்கப் படிக்க, மற்றவர்கள் வரிவரியாகக் கிழிப்பார்கள். பிறகு இன்னொருவர் முதலிலிருந்து எழுதுவார், அதுவும் கிழியும். ஒருமனதாக ஒப்பினால்தான் அச்சு. பெரிய தொண்டைக்காரரான தியுதொன்னே அடிக்கடி ராஜினாமா செய்வார், பிறகு அவரே உட்கார்ந்து அடுத்த வரைவை எழுதுவார். இந்த அமளியிலிருந்து வந்ததுதான் வெற்றுக்கணத்துக்கான குறியீடு. நார்வே மொழியின் எழுத்து ஒன்றை, வட்டத்தின் குறுக்கே கோடு போட்டதை, வெய் தூக்கிவந்தார். இன்று நம் பள்ளிக் கணக்குப் புத்தகம்வரை அது வந்து உட்கார்ந்திருக்கிறது.

1939-இல் முதல் நூல் வந்தது. அதே ஆண்டு கேம்பிரிட்ஜில் பூர்பாகியின் மகள் பெட்டிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை எக்டர் பெட்டார். சிங்கத்தைப் பிடிக்கும் கணித முறைகள் பற்றிக் கட்டுரை எழுதியவர். அவரும் கற்பனைதான், பெற்றெடுத்தவர்களில் ஒருவர் அமெரிக்கர் ரால்ஃப் போவாஸ். பத்திரிகையை அச்சடித்துக்கொண்டு வெய் ஃபின்லாந்து போனார். நவம்பர் 30-இல் சோவியத் படை ஃபின்லாந்தைத் தாக்கியதும் ஒற்றன் என்று கைது. அறையைச் சோதித்தால் ரஷ்யக் கடிதம், போல்தேவியக் கழக உறுப்பினர் பூர்பாகியின் முகவரி அட்டைகள், கல்யாணப் பத்திரிகை. எந்தப் போலீஸ்காரர்தான் விடுவார்? கடைசியில் பிரான்ஸுக்கு அனுப்பப்பட்டு, ராணுவத்துக்கு வராத குற்றத்துக்காக ரூவான் சிறையில் கிடந்தார். அங்கே தன் வாழ்நாளின் சிறந்த தேற்றங்களில் ஒன்றைக் கண்டுபிடித்தார். பாடத்திட்டக் கூட்டம் எதுவும் இல்லாத இடம் அல்லவா.

போருக்குப் பின் சம்பந்தி தகராறு. போவாஸ், பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தின் ஆண்டு நூலில் பூர்பாகி ஒரு குழுவின் புனைபெயர் என்று போட்டுடைத்தார். பெண்வீட்டார் சும்மா விடுவார்களா? பூர்பாகி கொதித்துக் கடிதம் எழுதினார். அத்தோடு, போவாஸ் என்று ஒருவர் கிடையாது, அது சில பத்திரிகை ஆசிரியர்களின் கூட்டுப்பெயர் என்று வதந்தியும் கிளம்பியது. பூர்பாகி அமெரிக்கக் கணிதச் சங்கத்தில் உறுப்பினராக விண்ணப்பித்தபோது, நிறுவனமாகச் சேருங்கள் என்று பதில் வந்தது. நிறுவனச் சந்தா அதிகம். ஆகவே கொள்கை காரணமாக பூர்பாகி சேரவில்லை.

ஸ்டோக்ஸ் தேற்றம் என்னவாயிற்று? அது சேரவேண்டிய பன்மடிவெளிகள் பற்றிய நூல் 1967-இல்தான் வரத் தொடங்கியது, அதுவும் முடிவுகளின் பட்டியலாக, நிரூபணம் இல்லாமல். கார்ட்டானுக்கு அப்போது அறுபது தாண்டியிருந்தது.

1968-இல், பூர்பாகி நவம்பர் 11 அன்று காலமானார் என்று துக்க அறிவிப்பு சுற்றியது. யாரோ விளையாடியது. அதற்குப் பிறகும் ஐம்பது வயதில் ஒவ்வொருவரும் ஓய்வு பெற, புதியவர்கள் உள்ளே வர, 2016-இலும் 2019-இலும் 2023-இலும் புதிய பாகங்கள் வந்திருக்கின்றன. எழுதுகிறவருக்கு மானம், ரோஷம், பேராசிரியர் பதவி எல்லாம் இருந்தால் அவருடைய அத்தியாயத்தைக் கிழிக்க முடியாது. கிழித்தாலும் நட்பு மிஞ்சாது. பூர்பாகிக்கு இவை எதுவும் இல்லை. அதனால்தான் அவர் புத்தகத்தைப் பத்து முறை கிழித்தும் யாரும் வழக்குப் போடவில்லை. வழக்கு வந்தது பின்னாளில், பதிப்பாளரோடு, பணத்துக்காக. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் நிஜமான எழுத்தாளராகவே நடந்துகொண்டார்.