பி.எட். எனும் பெரும்பேறு

ஆசிரியரைத் தயார்செய்வதில் நம்மவர்களுக்கு இருக்கும் பொறுமை வேறு எந்த வேலையிலும் கிடையாது. பி.எட். படிப்பு ஒரே வருடத்தில் முடிந்துபோன அவசர காலம் ஒன்று இருந்தது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் மனமிரங்கி 2015-16 முதல் அதை இரண்டு வருடமாக்கியது. கூடுதல் வருடம் வீண்போகவில்லை. ரெக்கார்டு நோட்டுகளுக்கு அழகழகாக அட்டை போட நேரம் கிடைத்தது.

முதலில் நுண்ணிலைக் கற்பித்தல். 1963 வாக்கில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் பிறந்த இந்த முறை சிதம்பரம்வரை வந்து சேர்ந்தது நம் பாக்கியம். ஐந்தாறு நிமிடப் பாடம். கூடப் படிப்பவர்களே பிள்ளைகள். மீசை முளைத்த எட்டாம் வகுப்பு மாணவர் எழுந்து 'குட் மார்னிங் சார்' என்பார். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் வரும். கடைசி பெஞ்சில் அடிதடி இல்லை, ஒன்றுக்குப் போக விரல் உயராது. இப்படியொரு வகுப்பு ஆயுளில் மறுபடி வாய்க்காது என்பதால், முன்கூட்டியே அனுபவிக்கக் கொடுப்பது எவ்வளவு தொலைநோக்கு!

அப்புறம் 16 வாரம் பள்ளியில். சிதம்பரத்தில் பஸ் ஏறி, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் தாண்டிக் கடலூரில் இறங்கும் பயிற்சி ஆசிரியையின் கையில் சுருட்டிய சார்ட் கசங்காமல் இருக்கும். புடவையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. பள்ளிக்கோ அவரைக் கண்டதும் ஆனந்தம். யாரோ லீவு, அந்த வகுப்பு இவருக்கு. இவருடைய பாடக்குறிப்பைப் பார்க்க வேண்டுமே! ஆசிரியர் செயல் ஒரு கட்டம், மாணவர் செயல் ஒரு கட்டம். பிள்ளை என்ன பதில் சொல்வான் என்று முதல்நாள் இரவே எழுதியாகிவிட்டது. அவன் வேறெதையாவது சொல்லித் தொலைத்தால் பிசகு பிள்ளையுடையது.

இத்தனை செதுக்கிய பிறகும் பட்டத்தின் மீது அரசுக்கு நம்பிக்கை இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ஆறிலிருந்து எட்டு வரை பாடம் நடத்த டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டாம் தாள் வைத்தது சும்மா ஒரு ஆசைக்குத்தான். 2012 ஜூலையில் முதல் தேர்வு: 150 கேள்வி, 90 நிமிடம். பயிற்சி முடித்து எழுதிய லட்சக்கணக்கானோரில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. பயிற்சியின் தரத்துக்கு இதைவிட நற்சான்று உண்டா? அதே வருடம் அக்டோபரில் மூன்று மணிநேரம் கொடுத்து மறுபடி எழுதச் சொன்னார்கள்.

தேறியவர்கள் ஓய்ந்துவிடக் கூடாதல்லவா? 2018இல் அரசாணை 149 வந்தது: நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு. டெட் சான்றிதழுக்கு முன்பு ஏழு வருடமே ஆயுள்; 2021 முதல் வாழ்நாள் முழுக்கச் செல்லும் என்றார்கள். வேலைக்குக் காத்திருக்க எவ்வளவு காலம் ஆகும் என்று யாரோ மிகச் சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.