தேனுக்கு வழி சொல்லும் பறவை

கேள்வி: வளர்க்காத, பழக்காத ஓர் உயிர் மனிதனோடு கூட்டுச் சேருமா?

பதில்: சேரும்! மொசாம்பிக்கின் நியாசா காட்டில் யாவோ மக்கள் ‘ப்ர்ர்ர்-ஹ்ம்’ என்று குரல் கொடுத்தால், தேன்காட்டிப் பறவை வந்து, மரத்துக்கு மரம் தாவித் தேன்கூட்டைக் காட்டுகிறது. புகைபோட்டு எடுக்கும் தேன் மனிதருக்கு, மெழுகு பறவைக்கு. கோர்ட்டுக்குப் போகாத பாகப்பிரிவினை! கிளேர் ஸ்பாட்டிஸ்வூட் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, வேறு ஒலிகளுக்குப் பறவை வழிகாட்டும் வாய்ப்பு சுமார் 33 சதவீதம். இந்தக் குரலுக்கு 66. இத்தனைக்கும் இந்தப் பறவை முட்டையிடுவது அடுத்த பறவையின் கூட்டில். குஞ்சுக்குச் சொல்லித்தர அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. எனக்கு ஆகப்பெரிய வியப்பு அதுதான். கடைச் சர்க்கரை எளிதாகக் கிடைக்கும் ஊர்களில் பறவையை அழைப்போரே குறைந்துவிட்டார்கள் என்பது மனதை உறுத்துகிறது.