பாலுக்கு முன் பூட்டு

கேள்வி: தை பிறந்ததும் புது ஃபிளாட்டுக்குக் குடிபோகிறோம். பால் காய்ச்ச நல்ல நாளும் குறித்தாயிற்று. முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பூட்டை. பால் பொங்குவதற்கு முன்பே வாசல் கதவின் பூட்டை மாற்றிவிடுங்கள்; லட்சுமிக்குத் திறக்கும் கதவின் சாவி உங்களிடம் மட்டுமே இருக்கட்டும். வேலை நடந்த மாதங்களில் அந்தச் சாவி பெயின்டர், எலக்ட்ரீஷியன், தச்சர், புரோக்கர் என்று பல கை மாறியிருக்கும். அவர்களைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. ஆனால் தெருமுனைச் சாவிக்காரரிடம் சில நிமிடங்களில் நகல் எடுத்துவிடலாம். எடுத்த சுவடு அசல் சாவியில் தெரியாது. ‘பில்டர் உறை பிரிக்காத சாவிதானே தந்தார்?’ என்பீர்கள். சரி, கதவு மாட்டிய நாள் முதல் அதைப் பூட்டித் திறந்தது எந்தச் சாவி? அதைக் கேட்டுப் பாருங்கள். செலவுக்குப் பயந்தால், முழுப் பூட்டையும் மாற்ற வேண்டியதில்லை. கதவுக்குள் பதிந்திருக்கும் பூட்டுகள் பலவற்றில் சாவி நுழையும் சிலிண்டர் தனியாகக் கழலும். கதவின் விளிம்பில் அதைப் பிடித்திருக்கும் நீள ஸ்க்ரூவைக் கழற்றி, சாவியைச் சற்றே திருப்பி இழுத்தால் கையோடு வந்துவிடும். அதே நீளத்தில் புதிது வாங்கி மாட்டுங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்; பழைய சிலிண்டரைப் பத்திரமாக வைத்திருந்து, காலி செய்யும்போது திரும்ப மாட்டிக் கொடுத்துவிடலாம்.