தீப்பெட்டிப் படத்தின் மகாத்மியம்

1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய சிவகாசி அய்யநாடாரிடமும் சண்முக நாடாரிடமும், பிற்காலத்தில் குச்சியைக் காட்டிலும் பெட்டியின் மேல் ஒட்டிய காகிதத்துக்கே கிராக்கி ஏற்படும் என்று ஒரு ஜோசியர் சொல்லியிருந்தால், அவருக்குத் தட்சிணை கிடைத்திருப்பது சந்தேகமே.

இன்றோ, அடுப்புக்கு லைட்டரும் பூஜை மாடத்துக்கு மின்சார தீபமும் வைத்துக்கொண்டிருக்கும் கனவான்கள், புலியும் மயிலும் தாமரையும் அச்சிட்ட சிவகாசி லேபிள்களைக் கண்ணாடிக் காகித உறையில் இட்டு, விரல் படாமல் பரம பக்தியுடன் பாதுகாத்து வருகிறார்கள். 2021 டிசம்பரில் பெட்டியின் விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயாக உயர்ந்தபோது அக்கிரமம் என்று ஆவேசப்பட்ட அதே மனிதர், வர்ணம் இடம் பெயர்ந்து புலியின் மீசை அதன் நெற்றியில் விழுந்துவிட்ட பழைய லேபிள் ஒன்றுக்குக் கேட்ட தொகையை மறுபேச்சின்றி எண்ணி வைக்கிறார். அச்சகத்தில் அன்று வசவு வாங்கித் தந்த பிழை அல்லவா, அபூர்வமாகத்தானே இருக்கும்!

விருதுநகர்ப் பெட்டிக்கடையில் இப்படிப்பட்ட ரசிகர் ஒருவர், “அண்ணாச்சி, குச்சி வேண்டாம், பெட்டி மட்டும் கொடுங்கள்” என்று கேட்க, கடைக்காரர் நிதானமாகச் சொன்னாராம்: “விலை குச்சிக்குத்தான் அண்ணாச்சி, பெட்டி இனாம். ஆனால் இனாமைத் தனியாகக் கொடுக்கிற வழக்கமில்லை.”