பக்கத்துலதான், நடந்தே போயிடலாம்

புவெனஸ் ஐரிஸில் ஊர் சுற்றிக் காட்ட இந்த நண்பர் வாய்த்துவிட்டால் செருப்புக்குக் கேடுகாலம். எந்த இடத்தைச் சொன்னாலும் பதில் தயார்: "பக்கத்துலதான், பத்து குவாத்ரா. நடந்தே போயிடலாம்."

குவாத்ரா என்றால் ஒரு தெருமுனையிலிருந்து அடுத்த முனை வரை. ஏறத்தாழ 100 மீட்டர். கட்டம் போட்ட ஊர். கதவிலக்கமும் குவாத்ராவுக்கு நூறாக ஏறும். 500-ஆம் எண்ணிலிருந்து 2500-க்குப் போக 20 குவாத்ரா, அதாவது இரண்டு கிலோமீட்டர் என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். இவர் கணக்கில் அது பத்து. எட்டு நடந்தபின் கேட்டாலும் பத்து. ரிவதாவியா சாலையைத் தாண்டியதும் தெருப் பெயர்களே மாறிவிடும். ஃப்ளோரிடா பெரு ஆகிவிடும். பெயர் மாறினால் அதுவரை நடந்தது செல்லாது என்று வைத்திருக்கிறாரோ என்னவோ!

ஜூலை 9 சாலையின் அகலம் சுமார் 140 மீட்டர். ஒரே சிக்னலில் அதைக் கடந்து அக்கரையில் நின்று கையசைப்பார். நண்பர்கள் நடுத்திட்டில் மாட்டிக்கொள்வார்கள். அந்தப் புண்ணியத்தில்தான் 1936-இல் எழுப்பிய 67.5 மீட்டர் உயர ஒபெலிஸ்கோ தூணை நின்று நிதானமாகப் பார்க்க முடிகிறது.

மழை நாளிலும் நடைதான். ஆடும் நடைபாதைக் கல்லில் கால் வைத்தால் அடியில் தேங்கிய நீர் முழங்கால் வரை பீய்ச்சும்.

தென் அமெரிக்காவின் முதல் சுரங்க ரயில் 1913-இல் ஓடியது இந்த ஊரில்தான். "கீழ போனா ஊர் எப்படித் தெரியும்?" என்பார். சரி, லா போக்காவுக்குச் சுரங்க ரயில் இல்லை, 152-ஆம் எண் பஸ் போகிறதே? அதையும் வழியனுப்பிவிட்டு நடப்பார். அவருடைய சூபே பயண அட்டையில் காசு இருந்து யாரும் பார்த்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

ஆனால் மாயோ நிழற்சாலையில் பரோலோ மாளிகை முன் நின்றால் ஆளே வேறு. 1923-இல் திறந்த கட்டடம். தாந்தேயின் காவியத்தை வைத்து, கீழே நரகம், நடுவே கழுவாய், மேலே சொர்க்கம் என்று மாரியோ பலாந்தி வடிவமைத்ததை அவர் சொல்லும்போது கண் மின்னும். காவியத்தில் 100 காண்டங்கள், கட்டடத்துக்கு 100 மீட்டர் உயரம். கால் கடுத்தவர்கள் கதையை நரகத்திலேயே உட்கார்ந்து கேட்டார்கள். பஸ்ஸில் போயிருந்தால் இது கிடைத்திருக்காது என்று ஒருவர் ஒப்புக்கொண்டதுதான் தப்பு. மறுநாள் ரெகோலெத்தா கல்லறைத் தோட்டத்துக்கும் நடை. போய்ச் சேரும்போது வாசலை அடைக்கும் நேரம். துவார்த்தே குடும்பக் கல்லறையில் இருக்கும் ஏவா பெரோனை ஓட்டமும் நடையுமாகத் தேடவேண்டியிருந்தது.

கூட்டத்தில் ஒருவருக்கு முட்டி வலி. "முடியுமா?" என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? கறுப்பு மஞ்சள் டாக்ஸிகள் காலியாகப் போய்க்கொண்டே இருக்கின்றன. கை காட்டினால் நிற்கும். காட்ட விடமாட்டார்.