தற்காலிகத்தின் ஆயுள்

கேள்வி: கலிபோர்னியாவில் புதிய வணிகக் கட்டடங்களுக்கு ஒரு நகரம் விதிக்கும் ‘தற்காலிக’த் தடையை எத்தனை முறை நீட்டிக்கலாம்?

பதில்: அதிகபட்சம் இரண்டு முறை. நிலப் பயன்பாட்டு விதிகளைத் திருத்தும் வரை அனுமதிகளை நிறுத்திவைக்கும் இத்தகைய அவசரச் சட்டத்துக்கு, அம்மாநில அரசுச் சட்டத் தொகுப்பின் 65858-ஆம் பிரிவு முதலில் 45 நாள் ஆயுளே தருகிறது. பிறகு 10 மாதம் 15 நாள், அதன்பின் ஓராண்டு என வாய்தா வாங்கலாம் என்றாலும், ஒவ்வொரு முறையும் ஐந்தில் நான்கு பங்கு வாக்கு தேவை என்பதால், ஐவர் கொண்ட நகர மன்றத்தில் இருவர் முகம் சுளித்தாலே நீட்டிப்பு கவிழ்ந்துவிடும். கெடு முடிவதற்கு 10 நாள் முன்பே, சிக்கலைத் தீர்க்க எடுத்த நடவடிக்கைகளை மன்றம் எழுத்தில் அறிக்கையாக வெளியிட்டாக வேண்டும். வீட்டுப்பாடம் எழுதாத மாணவனின் முகம் மன்றங்களுக்கு வாய்ப்பது அன்றைக்குத்தான். மூன்றாம் நீட்டிப்புக்குச் சட்டத்தில் இடமில்லை.